தூக்க மாத்திரையும் ஒரு கடன்தான்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்ற சகோதரி ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'மருந்துகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி' என்பது. அது ரொம்பப் பெரிய தலைப்பு. எனக்குக் கொடுத்திருப்பது அரை மணி நேரம், அதற்கப்புறம் கோலப் போட்டிக்குப் பரிசு வேறு கொடுக்க வேண்டும். அதனால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, நோய் போன பிறகும் நம்மை விடாமல் பிடித்துக்கொள்கிறதே, அதைப் பற்றி.

சாராயம், கஞ்சா என்று கூட்டம் போட்டால் நாம் எல்லோரும் ஆண்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் திரும்பிப் பார்ப்போம். இன்றைக்கு அப்படிப் பார்க்க முடியாது. இது நம் சுருக்குப் பையிலும், அரிசி டப்பாவுக்குப் பின்னாலும், தலையணைக்கு அடியிலும் இருக்கிற சமாசாரம்.

முப்பது வருஷத்துக்கு மேல் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் நின்றவள் நான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற முகத்தைப் பார்த்தே, இவர் காய்ச்சலுக்கு வந்தவர், இவர் சர்க்கரைக்கு வந்தவர் என்று சொல்லிவிடுவேன். "தூங்குறதுக்கு மட்டும் ஒரு நாலு மாத்திரை குடு தாயி" என்று கேட்பவர்களையும் தெரியும். அவர்கள் வரிசையில் கடைசியில்தான் நிற்பார்கள். முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் போன பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பேர், ஊர் சொல்ல மாட்டேன். 'என் கதையைச் சொல்லு, நாலு பேருக்கு ஆகட்டும்' என்று அவரே சொன்னதால்தான் சொல்கிறேன். தையல் வேலை செய்பவர், ஒரு குழுவில் நல்ல உறுப்பினர், சேமிப்பு ஒரு மாதம் தவறியதில்லை. வீட்டுக்காரர் திடீரென்று இறந்துபோனார். ஒரு வாரம் கண்ணை மூடவில்லை. டாக்டர் அல்பிரசோலாம் 0.25 மில்லிகிராம் மாத்திரை, ராத்திரிக்கு ஒன்று, பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு தப்பும் இல்லை. அந்த நேரத்துக்கு அது தேவைப்பட்ட மருந்துதான். அன்று ராத்திரி அக்கா தூங்கினார்.

பத்து நாள் முடிந்தது, ஆனால் சீட்டு கையில் இருக்கிறதே. அதைக் காட்டினால் மருந்துக் கடையில் இன்னொரு பத்து கொடுத்தார்கள். அப்புறம் சீட்டே தேவைப்படவில்லை, முகம் பழகிவிட்டது. நாலைந்து மாதத்தில் ஒரு மாத்திரைக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு போட்டார். பிறகு 0.5 வாங்கினார். பிறகு அதில் இரண்டு. இப்படி மூன்று வருஷம். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் கண் சொக்கும், அளவு மறந்துபோகும். ஒரு கல்யாண ரவிக்கையைக் கையில்லாமல் தைத்துவிட்டு, வாங்க வந்தவர்களிடம் அழுதிருக்கிறார். 'வயசாகிறது, புருஷன் போன துக்கம்' என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்புறம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், இந்த மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும் என்று. கிட்னிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அக்கா பயந்துபோய், இருந்த அட்டையை எல்லாம் சாக்கடையில் எறிந்துவிட்டார், அதுவும் ஒரே நாளில். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாள் வியர்வை, கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு. சின்னச் சத்தம் கேட்டாலும் தூக்கிப் போட்டது. மூன்றாம் நாள் ரேஷன் கடை வரிசையில் நின்றவர் அப்படியே விழுந்து, கை கால் இழுத்து வலிப்பு வந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர் சாவிக் கொத்தைக் கையில் திணித்தார், இன்னொருவர் சாமி வந்திருக்கிறது என்றார். வரிசையில் நின்ற ஒரு பெண்தான் 108-க்குப் போன் செய்தார். அந்த அக்காவுக்கு வாழ்நாளில் அதற்கு முன்னால் வலிப்பு வந்ததே கிடையாது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன் என்றால், 'கெட்ட பழக்கம், விட்டுவிடு' என்று சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. தொடர்ந்து போடுவதிலும் ஆபத்து இருக்கிறது, தடாலென்று நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. நிறுத்துவதில் இருக்கிற ஆபத்துதான் பலருக்குத் தெரியாது.

உடம்புக்குள் நடப்பது என்ன? நம் மூளைக்குள் ஓட்டமும் இருக்கிறது, ஓட்டத்தை அடக்கும் பிரேக்கும் இருக்கிறது. அல்பிரசோலாம், டயசெபாம், லோராசெபாம், குளோனாசெபாம் — 'பாம்', 'லாம்' என்று முடிகிற இந்த வகை மாத்திரைகள் எல்லாம் அந்தப் பிரேக்கை அழுத்துகின்றன. பெரியவர்கள் கால்ம்போஸ் என்று சொல்வார்களே, அதுவும் டயசெபாம்தான். பிரேக் அழுந்தினால் பதற்றம் குறையும், தசை தளரும், தூக்கம் வரும். தினமும் வெளியிலிருந்து ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தால், 'சரி, நமக்கு வேலை இல்லை' என்று மூளை தன் பிரேக்கைத் தளர்த்திவிடும். அதனால்தான் பழைய அளவு போதாமல் போகிறது. ஒரு நாள் மாத்திரையை எடுத்துவிட்டால், பிரேக் இல்லாத லாரி கொடைக்கானல் மலையில் இறங்குகிற கதைதான். நடுக்கமும் வலிப்பும் அதனால் வருபவை.

நமக்கு இன்னொரு விதமாகவும் புரியும். நாம் கணக்குத் தெரிந்தவர்கள். இந்த மாத்திரை கொடுக்கிற தூக்கம் நம் சொந்தச் சேமிப்பு இல்லை, கடன். நாலு நாளைக்கு வாங்கித் திருப்பிவிட்டால் உள்கடன் மாதிரி, ஆபத்துக்கு உதவியது என்று போய்விடும். மாதக்கணக்கில் வாங்கினால் கந்துவட்டி. அசலும் அடையாது, வட்டியும் ஏறிக்கொண்டே போகும். மொத்தமாக ஒரே நாளில் முடித்துவிடுகிறேன் என்றால் வீடு முழுகிவிடும். தவணை போட்டுத்தான் அடைக்க வேண்டும்.

அந்த அக்காவும் தவணை போட்டுத்தான் அடைத்தார். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் பார்த்து, மறுபடி மாத்திரையைக் கொடுத்து, பிறகு சில வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். முழுக்க நிற்க எட்டு மாதத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு முறை குறைத்ததைத் தாங்க முடியாமல் அதே அளவிலேயே ஒரு மாதம் நிறுத்திவைத்தார்கள். அது தோல்வி இல்லை, வைத்தியமே அப்படித்தான். இந்த வகை மாத்திரையைப் பொதுவாக இரண்டு முதல் நாலு வாரத்துக்கு மேல் தினமும் தொடரக் கூடாது என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். ஆனால் ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடக் கூடாது. தயவுசெய்து. இது ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொல்கிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெண்களுக்கு மட்டும் ஏன் இது அதிகம் என்று கேட்பீர்கள். நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. டயசெபாம், வேலியம் என்ற பேரில் 1963-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அங்கே அதை ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டு வேலை, குழந்தைகள், தனிமை, சலிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு மாத்திரை. 1970-களில் அந்த நாட்டிலேயே மிக அதிகமாக எழுதப்பட்ட மருந்துகளில் ஒன்றாகிவிட்டது. பிறகுதான், ஐயோ, லட்சக்கணக்கானவர்கள் இதை விட முடியாமல் தவிக்கிறார்களே என்று விழித்துக்கொண்டார்கள். 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் 'இது பழக்கப்படுத்தும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்' என்ற எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போட வைத்தது. மாத்திரை வந்து எத்தனை வருஷம் கழித்து, பாருங்கள்.

நம் பக்கம் தூக்கம் போவதற்குக் காரணம் நமக்குத் தெரியாததா? செவ்வாய்க்கிழமை வாரத் தவணைக்காரர் வருவார், வீட்டில் பணம் இல்லை என்றால் திங்கட்கிழமை ராத்திரி யாருக்குத் தூக்கம் வரும்? குடித்துவிட்டு வருகிறவர் எப்போது கதவைத் தட்டுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பவளுக்கு எப்படித் தூக்கம் வரும்? மாத விலக்கு நிற்கிற வயதில் ராத்திரி உடம்பு தீயாய் எரிந்து, சேலை நனைந்து எழுந்திருப்பது எத்தனை பேர்? தைராய்டு, ரத்தச்சோகை, அடக்கி வைத்த துக்கம், எல்லாமே தூக்கத்தைக் கெடுக்கும். மாத்திரை இதில் எதையும் தீர்க்காது. தவணைக்காரர் புதன்கிழமையும் இருப்பார். அதனால் டாக்டரிடம் போனால் 'தூக்கம் வரவில்லை' என்பதோடு நிறுத்தாமல், ஏன் வரவில்லை என்பதையும் சொல்லுங்கள். 'இதை எல்லாம் போய் டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது' என்று விழுங்கிவிட்டு வந்தால், அவரால் கொடுக்க முடிந்தது மாத்திரை மட்டும்தான்.

வயதானவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாமியார் ராத்திரி தூங்காமல் பேசிக்கொண்டே இருக்கிறார், நமக்கு விடிந்தால் வேலை. நம் மாத்திரையில் பாதியை அவருக்குக் கொடுத்துவிடுகிறோம். இது நடக்கிறது, மறைக்க வேண்டாம். வயதான உடம்பில் இந்த மருந்து சீக்கிரம் வெளியேறாது. நடுராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தால் தள்ளாடும். கழிப்பறை வீட்டுக்கு வெளியே, நடுவில் இரண்டு படி. விழுந்தால் இடுப்பு எலும்பு. ஞாபக மறதியும் குழப்பமும் கூடும். பிறகு அதற்கும் சேர்த்து நாம்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

குடியோடு இந்த மாத்திரை சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். அதனால் 'குடிச்சிட்டுக் கத்துறார், மோரில் ஒரு மாத்திரையைக் கலந்து குடுத்துட்டா பேசாம படுத்துடுவார்' என்கிற யோசனை யாருக்காவது இருந்தால், இப்போதே விட்டுவிடுங்கள். சிரிக்கிறீர்கள். சிரிக்கிற விஷயமில்லை அத்தா இது.

அடுத்தது வலி. மருந்துக் கடையில் போய் "உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்கிறோம் அல்லவா, அந்தச் செட்டு. ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சின்ன ரோஸ், பேப்பரில் மடித்துக் கொடுப்பார்கள். பேர் கிடையாது, அட்டை கிடையாது. நாற்று நட்டு வந்த இடுப்பு வலி ஒரே வேளையில் பறந்துபோகும். பறக்க வைப்பது பல நேரம் அந்தச் சின்ன மாத்திரை, ஸ்டீராய்டு. ஆபத்தான நேரத்தில் உயிர் காக்கும் மருந்து அது. ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் இடுப்பு வலிக்கு என்று போட்டால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். அதோடு, நம் உடம்பு தானே சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் எழுந்து நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. கஞ்சா மாதிரி மனம் ஏங்குகிற பழக்கம் இல்லை இது, உடம்பு மட்டும் மாட்டிக்கொள்கிற பழக்கம். ஆனால் மாட்டிக்கொண்டவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மில்லிலும் ஆயத்த ஆடைக் கம்பெனியிலும் வேலை செய்கிற நம் பெண் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். மாத விலக்கு வலி என்றால் லீவு கிடையாது, சூப்பர்வைசர் டப்பாவிலிருந்து பேர் தெரியாத மாத்திரை ஒன்று. 2019-இல் தமிழ்நாட்டுத் தொழிலாளிப் பெண்களிடம் பேசி இதை ஒரு செய்தி நிறுவனம் வெளியிட்டது, உலகம் முழுக்கப் படித்தார்கள். பேர் தெரியாத மாத்திரையை வாயில் போடாதே, அட்டையைக் காட்டச் சொல்லிக் கேள் என்று சொல்லுங்கள். கேட்பதற்குத் தைரியம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

தினமும் தலைவலி மாத்திரை போடுகிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னால் பாதிக் கூட்டம் தூக்கும், அதனால் கேட்கவில்லை. மாதத்தில் பத்துப் பதினைந்து நாளைக்கு மேல், மாதக்கணக்கில் தலைவலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கும். வேண்டுமானால் காலண்டரில் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள், மாதக் கடைசியில் உங்களுக்கே தெரியும். அந்தக் காலண்டரையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்தும் அப்படித்தான், நாலைந்து நாளைக்கு மேல் விட்டால் அதுவே மூக்கை அடைக்கும்.

வலி மருந்துகளிலேயே வேறு ஒரு ஜாதி இருக்கிறது. டிரமடால், டேபண்டடால், இருமல் மருந்தில் வரும் கோடீன். இவை அபின் வேலை செய்கிற அதே இடத்தில் மூளையில் வேலை செய்பவை. ஆபரேஷனுக்குப் பிறகு சில நாளைக்கு எழுதிக் கொடுப்பார்கள், அப்போது தேவை. மிச்சம் இருக்கும் அட்டைதான் பிரச்சினை. இந்த மாத்திரைகளை வாலிபப் பையன்கள் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறோம். படித்துவிட்டு, அது மெட்ராஸில் என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். நம் வீட்டு அலமாரியில் எண்ணிப் பார்க்காமல் கிடக்கிற அட்டையை நாம் எண்ண மாட்டோம், பிள்ளை எண்ணுவான். மிச்சத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். பூட்டி வையுங்கள், இல்லை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். சர்க்கரை நோயில் கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரகாபலினும் பழக்கமாகக்கூடியது, அதையும் தானாக ஏற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். அல்பிரசோலாம், டயசெபாம் போன்றவை 2014 மார்ச் முதல் 'எச்1' என்ற அட்டவணையில் இருக்கின்றன. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும், கால் வெட்டிய 'ஆர்' எழுத்து சிவப்பில் இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதியது, யார் வாங்கியது, எத்தனை என்று கடைக்காரர் தனி நோட்டில் எழுதி, மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும். டிரமடாலை 2018-இல் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே கடைக்காரர் 'சீட்டு வேணும்மா' என்று சொன்னால் கோபப்படாதீர்கள். கேட்காமல் கொடுக்கிற கடைக்காரரை 'நல்ல மனுஷன்' என்கிறோமே, அதைத்தான் நான் மாற்றச் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஒரு தப்பும் நடக்கிறது. என் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கு யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பிரஷர், சர்க்கரை, தைராய்டு, வலிப்பு, மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளை வருஷக்கணக்கில் சாப்பிடுவது அடிமைத்தனம் இல்லை. கண் தெரியாதவர் தினமும் கண்ணாடி போடுகிறார், அவரைக் கண்ணாடிக்கு அடிமை என்றா சொல்வோம்? மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் வேறு வேறு. மனச்சோர்வு மாத்திரை அளவு கேட்டு ஏங்க வைப்பதில்லை. ஆனால் அதையும் டாக்டரைக் கேட்காமல் தடாலென நிறுத்தக் கூடாது. புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் கொடுத்தால், 'பழகிடும், வேண்டாம்' என்று பிடுங்குவது பாவம். எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சாப்பிடுகிறவர்களுக்கு மருந்து எதிரி இல்லை.

குழுக் கூட்டத்துக்கு வருகிறேன். சேமிப்பை எண்ணி முடித்து, நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, "எனக்கு இது நல்லாக் கேட்டுச்சு, நீயும் ஒண்ணு போட்டுப் பாரு" என்று ஒரு மாத்திரை கை மாறும். பாசத்தில்தான் கொடுக்கிறோம். ஆனால் வாங்குகிறவள் மாசமாக இருக்கலாம், பால் கொடுக்கிறவளாக இருக்கலாம், ஆஸ்துமா இருக்கலாம். குழம்பு கொடுங்கள், சேலை கொடுங்கள், மாத்திரை வேண்டாம்.

ஒரு உறுப்பினர் இதில் மாட்டியிருக்கிறார் என்று தெரிந்தால், ஊக்குநர்களே, தீர்மானப் புத்தகத்தில் எழுதாதீர்கள். கூட்டத்தில் பேர் சொல்லிப் பேசாதீர்கள். ஒருவர் மட்டும் கூடப் போய் வாருங்கள். நம் ஊருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் பார்க்க வருகிற தன்னார்வலர் யார்? நம் மாதிரிக் குழுவில் இருக்கிற பெண்தான். அவரிடம் அட்டையைக் காட்டிக் கேட்கலாம். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் போன் செய்யலாம், டெலி மானஸ் என்று பேர், தமிழில் பேசுவார்கள். பேர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 104-க்கும் பேசலாம். போதையிலிருந்து மீள்வதற்கென்றே 14446 இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போனால் பைத்தியம் என்று அர்த்தமில்லை. தையல் அக்கா அங்கேதான் குணமானார். இன்று அவர் மெஷினில் மறுபடி கையுள்ள ரவிக்கை தைக்கிறார்.

என் பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்கச் சொன்னேன். முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வியையும் மலரில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். "எங்க மாமியாருக்கு எழுபத்திரெண்டு வயசு. எட்டு வருஷமா தினம் ஒண்ணு போடுறாங்க. இந்த வயசுல நிறுத்தணுமா, இல்ல அப்படியே விட்டுடலாமா?"

நல்ல கேள்வி. இதற்கு மேடையிலிருந்து ஆமாம், இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவள் ஆவேன். எட்டு வருஷம் போட்டவருக்கு, அதுவும் அந்த வயதில், மிக மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். அட்டையை எடுத்துக்கொண்டு, அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். முழுக்க நிறுத்த முடியாவிட்டாலும் பாதியாகக் குறைந்தாலே விழுவது குறையும், பகலில் தெளிவு கூடும். அவருக்குத் தெரியாமல் மாத்திரையை மட்டும் மறைத்துவைக்காதீர்கள். அதுவரைக்கும் ராத்திரி படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு விளக்கு எரியட்டும். அந்த இரண்டு படிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்துவிடுங்கள்.